560008: ஜோகுபாளையத்து எண்ணைப் பிரித்துப் பார்த்தால்

பெங்களூரில் அல்சூர் ஏரிக்கும் பழைய மெட்ராஸ் சாலைக்கும் அருகே இருக்கிறது ஜோகுபாளையம். கன்னடமும் தமிழும் கலந்து காதில் விழும் பகுதி. அங்கே வசிப்பவருக்குக் கடிதம் போட்டால் முகவரியின் கடைசி வரியில் 560008 என்று எழுதுவோம். அல்சூருக்கும் அதே எண்தான். தபால்காரருக்கு அது ஓர் இடம். கணக்குப் போடுகிறவருக்கோ அது ஐந்து லட்சத்து அறுபதாயிரத்து எட்டு என்கிற முழு எண். இந்த இரண்டாவது பார்வையைத்தான் இங்கே பிடித்துக்கொள்ளப் போகிறோம்.

பின்கோடு முறை 1972 ஆகஸ்ட் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. அதை வகுத்தவர் ஸ்ரீராம் பிகாஜி வேலங்கர். முதல் இலக்கம் மண்டலத்தைச் சொல்லும்: 5 என்றால் ஆந்திரம், தெலங்கானா, கர்நாடகம், 6 என்றால் தமிழ்நாடு, கேரளம். முதல் மூன்று இலக்கங்கள் சேர்ந்து தபால் பிரிக்கும் மாவட்டத்தைக் காட்டும், 560 பெங்களூரு. கடைசி மூன்றும் குறிப்பிட்ட அஞ்சலகத்துக்கு உரியவை. ஆக, இந்த எண்ணை அமைத்தபோது அதை எதனால் வகுக்கலாம், எதனால் வகுக்க முடியாது என்று யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். யோசிக்காமல் வந்த எண் என்பதாலேயே அது நமக்கு நல்ல மாதிரி. பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்த எண்ணில் அழகு இருப்பதில் வியப்பில்லை. எங்கிருந்தோ வந்து விழுந்த எண்ணிலும் அது இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

பெரிய எண் என்றதும் நமக்கு அதன் அளவுதான் கண்ணில் படுகிறது. எத்தனை இலக்கம், எத்தனை கோடி என்றுதான் கேட்கிறோம். ஆனால் ஓர் எண்ணின் குணம் அதன் அளவில் இல்லை, அது எந்தப் பகா எண்களால் ஆனது என்பதில்தான் இருக்கிறது. ஒன்றைவிடப் பெரிய எந்த முழு எண்ணையும் பகா எண்களின் பெருக்கலாக எழுதலாம். வரிசையை மாற்றலாமே தவிர, வேறு பகா எண்களைக் கொண்டு அதே எண்ணை உண்டாக்க முடியாது. பள்ளியில் படித்த இந்த ஒரு வாக்கியத்தில்தான் எண் கோட்பாட்டின் பெரும்பகுதி நிற்கிறது.

எட்டும் எழுபதாயிரத்து ஒன்றும்

560008 இரட்டைப்படை எண் என்பது பார்த்ததுமே தெரிகிறது. அதற்கு மேலும் ஒன்று தெரிகிறது. 1000 என்பது 8-ஆல் மீதியின்றி வகுபடும். ஆகவே எந்த எண்ணையும் 8-ஆல் சோதிக்க அதன் கடைசி மூன்று இலக்கங்களைப் பார்த்தாலே போதும். இங்கே அவை 008. வகுபடுகிறது, ஈவு 70001. 

இனி 70001-ஐ உடைக்க முடியுமா என்று பார்க்க வேண்டும். ஒற்றைப்படை எண், அதனால் 2 இல்லை. இலக்கங்களின் கூட்டல் 8, அதனால் 3 இல்லை. முடிவில் 0 அல்லது 5 இல்லை, அதனால் 5 இல்லை. அடுத்து 7, 11, 13. இவை மூன்றையும் ஒரே வீச்சில் சோதிக்க ஒரு வழி உண்டு. 7 × 11 × 13 = 1001. ஆகவே எண்ணை வலப்பக்கத்திலிருந்து மும்மூன்று இலக்கங்களாகப் பிரித்து, அந்தத் துண்டுகளை மாறி மாறிக் கூட்டிக் கழித்தால், மிஞ்சும் சிறிய எண்ணே பெரிய எண்ணின் கதையைச் சொல்லிவிடும். 70001-இன் துண்டுகள் 70, 001. வித்தியாசம் 69. அதாவது 3 × 23. இதில் 7-ம் இல்லை, 11-ம் இல்லை, 13-ம் இல்லை. எனவே 70001-ஐயும் அவை மூன்றும் வகுக்கா.

அப்படியானால் எத்தனை பகா எண்களை இப்படிச் சோதித்துக்கொண்டே போவது? ஓர் எண் இரண்டு காரணிகளின் பெருக்கல் என்றால், அவற்றில் சிறியது அந்த எண்ணின் வர்க்க மூலத்தைத் தாண்ட முடியாது. 265-இன் வர்க்கம் 70225. இது 70001-ஐத் தாண்டிவிட்டது. ஆகவே 264 வரையுள்ள பகா எண்கள் போதும். அவை மொத்தம் 56. ஆறு முடிந்துவிட்டன, இன்னும் 50 பாக்கி. 17-ஆல் வகுத்தால் ஈவு 4117, மீதி 12. 19-ஆல் வகுத்தால் மீதி 5. இப்படியே போய்க் கடைசிப் பகா எண்ணான 263-க்கு வந்தால் ஈவு 266, மீதி 43. ஐம்பதிலும் மீதி வருகிறது. எனவே 70001 பகா எண். தாளும் பேனாவும் இருந்தால் அரை மணி நேர வேலை.

முடிவு இதுதான்: 560008 = 2 × 2 × 2 × 70001. இதை மீதியின்றி வகுக்கும் எண்கள் எட்டே எட்டு: 1, 2, 4, 8, 70001, 140002, 280004, 560008. ஐந்தரை லட்சத்துக்கு மேற்பட்ட எண்ணுக்கு எட்டு வகுத்திகள் என்பது சொற்பம்.

இரண்டு வர்க்கங்கள்

70001-ஐ நான்கால் வகுத்தால் மீதி 1. இது சாதாரணச் செய்தி போலத் தெரியும். ஆனால் நான்கால் வகுத்து மீதி 1 வரும் ஒவ்வொரு பகா எண்ணையும் இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுத முடியும், அதுவும் ஒரே ஒரு விதமாகத்தான் எழுத முடியும். 5 = 1 + 4. 13 = 4 + 9. 17 = 1 + 16. பதினேழாம் நூற்றாண்டில் பியர் டி ஃபெர்மா இதைச் சொன்னார். நூறாண்டுக்குப் பிறகு ஆய்லர் நிறுவினார். மீதி 3 வரும் பகா எண்களுக்கு (3, 7, 11, 19 போன்றவை) இது ஒருபோதும் நடக்காது.

அப்படியானால் ஜோகுபாளையத்தின் பகா எண்ணுக்கும் இரண்டு வர்க்கங்கள் இருந்தே ஆக வேண்டும். தேடிப் பார்ப்போம். 70001-இலிருந்து 264-இன் வர்க்கத்தைக் கழித்தால் 305. அது வர்க்கம் அல்ல. 263-இன் வர்க்கத்தைக் கழித்தால் 832, அதுவும் இல்லை. 262-க்கு 1357, 261-க்கு 1880, இரண்டும் இல்லை. 260-இன் வர்க்கம் 67600. கழித்தால் 2401. அது 49-இன் வர்க்கம்! ஐந்தாவது முயற்சியிலேயே பிடிபட்டுவிட்டது:

70001 = 260² + 49²

இங்கிருந்து 560008-க்குப் போக உதவுபவர் பிரம்மகுப்தர். கி.பி. 628-இல் எழுதிய பிரம்மஸ்புட சித்தாந்தத்தில் அவர் தந்த ஒரு பொது விதியின் ஒரு வடிவம் இது: இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக உள்ள எண்ணை, அதே போன்ற இன்னோர் எண்ணால் பெருக்கினால், வரும் விடையும் இரண்டு வர்க்கங்களின் கூட்டலாகவே இருக்கும். நம்மிடம் 8 இருக்கிறது. அது 2² + 2². மறுபக்கம் 260² + 49². இனி 260-ஐயும் 49-ஐயும் கூட்டி இரட்டிப்பாக்கினால் 618. கழித்து இரட்டிப்பாக்கினால் 422.

560008 = 618² + 422²

சரிபார்க்கலாம். 618-இன் வர்க்கம் 381924. 422-இன் வர்க்கம் 178084. கூட்டினால் 560008. இந்த எண்ணை இரண்டு வர்க்கங்களாகப் பிரிக்க இதைத் தவிர வேறு வழி கிடையாது. அஞ்சல் துறை வரிசைப்படி கொடுத்த எண்ணுக்குள் இப்படி ஒரு கட்டமைப்பு யாரும் வைக்காமலேயே இருந்துகொண்டிருக்கிறது.

எல்லா எண்ணுக்கும் இது வாய்க்காது. பெங்களூரு தலைமை அஞ்சலகத்தின் எண்ணான 560001-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பகாக் காரணிகள் 3, 13, 83, 173. இவற்றில் 3-ம் 83-ம் நான்கால் வகுத்தால் மீதி 3 தரும் வகை. ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறை வருகிறது. அப்படி ஒற்றையாக ஒன்று வந்தாலே அந்த எண்ணை இரண்டு முழு எண் வர்க்கங்களின் கூட்டலாக எழுத முடியாது. 560001-க்கும் 560008-க்கும் வித்தியாசம் வெறும் ஏழு. அளவில் அண்டை வீட்டார், குணத்தில் சம்பந்தமே இல்லை. ராமானுஜன் பெயரோடு ஒட்டிக்கொண்ட 1729-உம் இந்த வகைதான். அது இரண்டு கனங்களின் கூட்டலாக இரண்டு விதமாக அமையும். ஆனால் 7 × 13 × 19 என்பதால் இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக ஒரு விதத்திலும் அமையாது.

கும்பகோணத்துக்காரர் தேடிய எண்கள்

560008-இலிருந்து 5608-ஐக் கழித்தால் 554400 வரும். இந்த எண்ணுக்கு எத்தனை வகுத்திகள் தெரியுமா? 216. ஜோகுபாளையத்து எண்ணுக்கோ எட்டு. 554400-ஐவிடச் சிறிய எண்களில் எங்கே தேடினாலும், 216 வகுத்திகள் கொண்ட எண் கிடைக்காது. தன்னைவிடச் சிறிய எல்லா எண்களையும்விட அதிக வகுத்திகள் கொண்ட இத்தகைய எண்களுக்குத்தான் உயர் பகு எண் என்று பெயர். அவற்றை முறையாக ஆராய்ந்து அந்தப் பெயரைக் கொடுத்தவர் சீனிவாச ராமானுஜன்.

1914-இல் கேம்பிரிட்ஜ் போய்ச் சேர்ந்த ராமானுஜன், 1915-இல் லண்டன் கணிதச் சங்கத்தின் வெளியீட்டில் இது பற்றி நீண்ட கட்டுரை ஒன்றை வெளியிட்டார். 1916-இல் கேம்பிரிட்ஜ் அவருக்கு ஆராய்ச்சி வழியாகப் பி.ஏ. பட்டம் வழங்கியதில் இந்தக் கட்டுரைக்கு முக்கியப் பங்கு உண்டு. போர்க்காலப் பண நெருக்கடியால் சங்கம் கட்டுரையின் ஒரு பகுதியை அச்சிடவில்லை. விடுபட்ட பகுதி 1997-இல்தான் ராமானுஜன் பெயரிலேயே நடக்கும் ஆய்விதழில் வெளிவந்தது.

வகுத்திகளை எண்ண ஒரு சுருக்கு வழி இருக்கிறது. எண்ணைப் பகாக் காரணிகளாகப் பிரித்து, ஒவ்வொரு பகா எண்ணும் எத்தனை முறை வருகிறது என்று பாருங்கள். அந்த அடுக்குகள் ஒவ்வொன்றோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்குங்கள். 554400 = 2⁵ × 3² × 5² × 7 × 11. அடுக்குகள் 5, 2, 2, 1, 1. ஒன்று கூட்டினால் 6, 3, 3, 2, 2. பெருக்கினால் 216. நம் 560008-இன் அடுக்குகள் 3, 1; பெருக்கல் 4 × 2 = 8. பெரிய பகா எண் ஒன்று உள்ளே வந்துவிட்டால் எண்ணின் அளவு ஏறுகிறது, வகுத்திகள் இரட்டிப்பதோடு நின்றுவிடுகின்றன. அதே அளவுக்குள் 2, 3, 5 போன்ற சின்னப் பகா எண்களைப் போட்டு நிரப்பினால் வகுத்திகள் பெருகுகின்றன.

இதைத்தான் ராமானுஜன் துல்லியமான விதியாக்கினார். உயர் பகு எண்ணில் பகா எண்கள் 2, 3, 5, 7 என்று இடைவெளி இல்லாமல் வர வேண்டும். முன்னால் உள்ள பகா எண்ணின் அடுக்கு பின்னால் வருவதைவிடக் குறையக் கூடாது. காரணம் எளிது. 18 = 2 × 3²; அதற்கு ஆறு வகுத்திகள். அடுக்குகளை இடம் மாற்றினால் 2² × 3 = 12; அதற்கும் ஆறுதான். ஆறு வகுத்திகளை 12-லேயே பெற்றுவிடலாம் என்றால் 18-க்கு இந்த வரிசையில் இடமில்லை. அவர் நிறுவிய இன்னொரு செய்தி: கடைசியாக வரும் பகா எண்ணின் அடுக்கு எப்போதும் 1. இதற்கு விலக்கு 4-ம் 36-ம் மட்டுமே.

கணிப்பொறி இல்லாத காலத்தில் இத்தகைய எண்கள் நூறுக்கு மேல் கண்டுபிடித்து அட்டவணை போட்டார் ராமானுஜன். அதன் கடைசி எண் 6746328388800. அதற்கு 10080 வகுத்திகள். அந்த அட்டவணையில் ஒரே ஓர் எண் விடுபட்டிருந்தது என்று பிற்பாடு தெரிந்தது: 293318625600. அதன் வகுத்திகள் 5040. அட்டவணையின் கடைசி எண்ணை 23-ஆல் வகுத்துப் பாருங்கள், விடுபட்ட எண்தான் விடையாக வரும். ஆறு லட்சம் கோடிக்கு மேல் வரை கையால் தேடிய ஒருவர் ஒன்றைத்தான் விட்டார் என்பதில் எனக்கு அந்த ஒன்றைவிட மற்றவைதான் பெரிதாகத் தெரிகின்றன.

உயர் பகு எண்கள் அரிது. சாதாரண எண்கள் எப்படி இருக்கும்? அதற்கும் ராமானுஜனே, கேம்பிரிட்ஜ் கணிதவியலாளர் ஹார்டியோடு சேர்ந்து 1917-இல் விடை சொன்னார். ஓர் எண்ணின் இயல் மடக்கையை எடுத்து, அதற்கும் ஒரு முறை இயல் மடக்கை எடுத்தால், பெரும்பாலான எண்களுக்கு வெவ்வேறு பகாக் காரணிகளின் எண்ணிக்கை அதை ஒட்டியே இருக்கும். ஆறு இலக்க எண்ணுக்கு இது சுமார் இரண்டரை. 560008-க்கு இரண்டு (2, 70001), 560001-க்கு நான்கு. இரண்டும் அந்த அளவின் இரு பக்கத்தில் நிற்கின்றன. 26 இலக்க எண்ணுக்கு நான்கு. 250 இலக்க எண்ணுக்குக்கூட ஆறு சொச்சம்தான். இலக்கங்கள் நூற்றுக்கணக்கில் ஏறினாலும் பகாக் காரணிகள் விரல்விட்டு எண்ணும் அளவிலேயே நிற்கின்றன. அளவுக்கும் குணத்துக்கும் உள்ள தூரத்தை இதைவிடத் தெளிவாக வேறெதுவும் காட்டாது.

28 விநாடிப் பெருக்கல்

பெரிய எண்களைப் பேசும்போது பெங்களூரில் 1929-இல் பிறந்த சகுந்தலா தேவியை விட்டுவிட முடியாது. 1980 ஜூன் 18 அன்று லண்டன் இம்பீரியல் கல்லூரியில் அவருக்கு இரண்டு 13 இலக்க எண்களைக் கொடுத்துப் பெருக்கச் சொன்னார்கள். எண்கள் 7686369774870, 2465099745779. அவர் 28 விநாடியில் சொன்ன விடை 18947668177995426462773730. கின்னஸ் புத்தகத்தில் ஏறிய சாதனை இது.

அந்த விடை சரியா என்று இப்போது இந்தப் பத்தியைப் படித்துக்கொண்டே ஓரளவு சோதிக்க நம்மாலும் முடியும். முதலில் ஒன்பது சோதனை. எந்த எண்ணையும் 9-ஆல் வகுத்தால் வரும் மீதியும், அதன் இலக்கங்களின் கூட்டலை 9-ஆல் வகுத்தால் வரும் மீதியும் ஒன்றே. முதல் எண்ணின் இலக்கங்கள் கூடி 78, மீதி 6. இரண்டாவதன் கூட்டல் 74, மீதி 2. ஆறும் இரண்டும் பெருக்கினால் 12, மீதி 3. விடையின் இலக்கங்கள் கூடி 138, மீதி 3. பொருந்துகிறது.

ஆனால் விடையில் இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருந்தால் கூட்டல் மாறாது. ஒன்பது சோதனை ஏமாந்துவிடும். அதற்குப் பதினொன்று சோதனை. வலப்பக்கத்திலிருந்து ஒன்றுவிட்டு ஒன்றாக இலக்கங்களைக் கூட்டி, விட்டுப்போனவற்றைத் தனியே கூட்டி, இரண்டையும் ஒப்பிட வேண்டும். இரண்டாவது எண்ணில் இந்தக் கூட்டல்கள் 37, 37. சமம்; ஆகவே அந்த எண் 11-ஆல் வகுபடும். அப்படியானால் விடையும் வகுபட்டாக வேண்டும். விடையில் இரண்டு கூட்டல்களும் 69, 69. சரியாக இருக்கிறது. அடுத்தடுத்த இரண்டு வெவ்வேறு இலக்கங்கள் இடம் மாறியிருந்தால் இந்தச் சமநிலை கட்டாயம் குலைந்திருக்கும். இரண்டு சோதனைகளும் சேர்ந்து விடையை முழுமையாக உறுதி செய்துவிடா; தவறுகளில் பெரும்பாலானவற்றைப் பிடித்துவிடும். கையால் கணக்குப் பார்த்த காலத்தில் இவ்வளவு மலிவான காவல் வேறில்லை.

1977-இல் அமெரிக்காவின் டாலஸ் நகரில், சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகத்தில், 201 இலக்க எண் ஒன்றின் 23-ஆம் மூலத்தை 50 விநாடியில் சொன்னார் சகுந்தலா தேவி. விடை 546372891. இதை மாயம் என்று ஒதுக்கிவிட வேண்டாம். 201 இலக்கம் என்று தெரிந்தவுடனேயே, அதன் 23-ஆம் மூலம் 49 கோடிக்கும் 55 கோடிக்கும் இடையில்தான் இருக்க முடியும் என்று மடக்கை சொல்லிவிடுகிறது. முதல் இலக்கம் நாலோ ஐந்தோ என்பது கேள்வியிலேயே அடங்கியிருக்கிறது. கடைசி இலக்கமும் அப்படியே: 23 முறை பெருக்கினால் ஒன்றாம் இடத்தில் 1 வர வேண்டுமானால் மூலத்தின் கடைசி இலக்கமும் 1-ஆகவே இருக்கும். நடுவில் உள்ள இலக்கங்களைப் பிடிப்பதில்தான் அவருடைய அபாரமான ஆற்றல் இருந்தது. எண்ணின் கட்டமைப்பு வழிவிட்டதால்தான் அந்த ஆற்றலுக்கு நடக்கப் பாதை கிடைத்தது.

நான்கே வகுத்திகள் கொண்ட பூட்டு

பெருக்குவது எளிது, திரும்பப் பிரிப்பது கடினம். 70001-ஐப் பகா எண் என்று காட்ட 56 பகா எண்களைச் சோதிக்க வேண்டியிருந்தது. எண்ணின் இலக்கங்களை இரட்டிப்பாக்கினால் வேலை இரட்டிப்பாவதோடு நிற்காது, பல மடங்காகப் பெருத்துவிடும். நூறு இலக்கத்துக்கு இந்த முறையில் வகுத்துக்கொண்டே போனால் உலகத்துக் கணிப்பொறிகள் எல்லாம் சேர்ந்தாலும் முடியாது.

இந்தக் கஷ்டத்தையே காவலாக்கியது 1977-இல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் மூவரும் கண்ட ஆர்.எஸ்.ஏ. முறை. இரண்டு பெரிய பகா எண்களைத் தேர்ந்தெடுத்துப் பெருக்குகிறார்கள். பெருக்கல் விடையை ஊரறியச் சொல்லலாம். அந்த இரண்டு பகா எண்களைத்தான் ரகசியமாக வைத்துக்கொள்ள வேண்டும். இணையத்தில் வங்கியின் பக்கத்தைத் திறக்கும்போது அது உண்மையிலேயே அந்த வங்கியின் பக்கம்தானா என்று உறுதி செய்யும் டிஜிட்டல் கையொப்பங்களில் இந்த முறை இன்றும் பரவலாகப் பயன்படுகிறது. அதற்கான எண்களுக்கு வழக்கமாக 617 இலக்கங்கள். வகுத்திகளோ நான்குதான்: ஒன்று, அந்த இரண்டு பகா எண்கள், அந்த எண். ராமானுஜனின் உயர் பகு எண்களுக்கு நேர் எதிர்க்கோடியில் இருப்பவை இவை. அங்கே வகுத்திகள் அளவுக்கு அதிகம் என்பது சிறப்பு. இங்கே அவை நான்கைத் தாண்டாது என்பதே பலம்.

250 இலக்கம் கொண்ட ஆர்.எஸ்.ஏ. சவால் எண் ஒன்றை 2020 பிப்ரவரியில் ஓர் ஆய்வுக் குழு உடைத்தது. பல ஆயிரம் கணிப்பொறிக் கருக்கள் (core) ஒன்றாக உழைத்தன. அதே வேலையை ஒரே கருவிடம் விட்டிருந்தால் ஏறத்தாழ 2,700 ஆண்டுகள் பிடித்திருக்கும். 617 இலக்க ஆர்.எஸ்.ஏ. சவால் எண்ணை இதுவரை யாரும் உடைக்கவில்லை.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. ஓர் எண் பகா எண்ணா இல்லையா என்று மட்டும் கேட்டால், காரணிகளைக் கண்டுபிடிக்காமலேயே விரைவில் பதில் சொல்லிவிடலாம். எந்த எண்ணுக்கும், ஐயத்துக்கு இடமில்லாமல், இலக்கங்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப நியாயமான நேரத்தில் அப்படிச் சொல்லும் முறை இருக்கிறதா என்பது நெடுநாள் கேள்வியாக இருந்தது. இருக்கிறது என்று 2002 ஆகஸ்டில் காட்டியவர்கள் கான்பூர் ஐ.ஐ.டி.யின் மணீந்திர அகர்வால், நீரஜ் கயல், நிதின் சக்சேனா. கயலும் சக்சேனாவும் அப்போதுதான் பி.டெக். முடித்திருந்தார்கள். கயல் பின்னர் பெங்களூரில் உள்ள மைக்ரோசாஃப்ட் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றினார். பகா எண் என்று கண்டறிவது எளிது என அவர்கள் நிறுவினார்கள்; காரணிகளாகப் பிரிப்பதும் எளிதா என்பதற்கு இன்றுவரை விடை இல்லை. எளிதுதான் என்று தெரியவரும் நாளில் உலகத்தின் ரகசியக் காப்பு முறைகளில் பலவற்றை மாற்ற வேண்டியிருக்கலாம்.

உங்கள் ஊர் எண்

2024 அக்டோபரில் கண்டுபிடிக்கப்பட்ட, இன்று நமக்குத் தெரிந்தவற்றுள் மிகப் பெரிய பகா எண்ணுக்கு 4,10,24,320 இலக்கங்கள். அதைத் தேட அமெரிக்கர் ஒருவர் பல நாடுகளின் கணிப்பொறிகளை வாடகைக்கு எடுத்தார். அந்த அளவுக்கெல்லாம் போகத் தேவையில்லை. எண்ணின் குணத்தைப் பார்க்க ஆறு இலக்கம் தாராளம்.

ராமானுஜன் வளர்ந்த கும்பகோணத்தின் 612001-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். துண்டுகள் 612, 001. வித்தியாசம் 611, அது 13 × 47. ஆகவே 612001-ஐ 13 வகுக்கும். ஈவு 47077. அதையும் விடாமல் துரத்தினால் 179 × 263 என்று உடையும். மொத்தம் மூன்று பகாக் காரணிகள், எட்டு வகுத்திகள். ஜோகுபாளையத்துக்கு எத்தனையோ அத்தனைதான். சென்னை தலைமை அஞ்சலகத்தின் 600001 இன்னும் சுலபம்: 19 × 23 × 1373. அதற்கும் எட்டே.

உங்கள் வீட்டுப் பின்கோடை எழுதிக்கொண்டு உட்காருங்கள். வீட்டில் பள்ளிப் பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் கூட்டிக்கொள்ளுங்கள். 2, 3, 5 பார்த்துவிட்டு 1001 சோதனையைச் செய்யுங்கள். பிறகு 17-இலிருந்து ஒவ்வொன்றாக மேலே போங்கள். கடைசியில் நான்கால் வகுத்தால் மீதி 1 வரும் பகா எண் ஏதாவது அகப்பட்டால் அதன் இரண்டு வர்க்கங்களையும் தேடிப் பாருங்கள். அவை இருந்தே தீரும். ஆறு இலக்க எண் எதுவானாலும் அதிகபட்சம் 168 பகா எண்களைச் சோதித்தால் வேலை முடிந்துவிடும். ஆயிரத்துக்குக் கீழே உள்ள பகா எண்கள் அவ்வளவுதான்.